பாவுகல்: ஒரு வாசலை முன்னிட்டுச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கம்பம் பள்ளத்தாக்கில் 'பாவுதல்' என்னும் வினைச்சொல்லை மூன்று தொழிலைச் சேர்ந்தோர் வழங்கக் கேட்கலாம். முல்லைப் பெரியாற்று நீர் ஜூன் மாதத்தில் கால்வாய்களில் இறங்கியதும் உழவர் நாற்றங்காலில் நாற்றுப் பாவுகின்றனர். ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டியில் தறிக்கு நீளவாட்டில் ஓட்டும் நூலைப் பாவு என்கின்றனர் நெசவாளர். வீட்டு வாசலில் கொத்தனார் கல் பாவுகிறார். விதை, நூல், கல் என்று பொருள்கள் வேறானாலும் மூன்றிலும் நடப்பது பரப்புதல்தான்.

இந்தப் பரப்புதலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நெருக்கிப் பாவிய நாற்று நோஞ்சானாகி மஞ்சளிக்கும். இடைவெளியற்ற பாவில் ஊடை நுழையாது. அப்படியானால் கல்லுக்கும் இடைவெளி வேண்டுமா, வேண்டாமா? சென்ற ஆண்டு எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டு வாசலை முன்னிட்டு எழுந்த இக்கேள்விதான் எங்களைச் சில மாதங்கள் நூலகத்துக்கும் கல் பட்டறைக்குமாக அலைய வைத்தது. அவ்வலைச்சலில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வாசலும் வழக்கும்

மாதம் ஒருமுறை கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அம்முறை கூடியது சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், நண்பரின் பூர்வீக வீட்டில். தெருக்கதவு முதல் திண்ணை வரை நானூறு சதுர அடி வாசல். அவருடைய தாத்தா காலத்தில் மாட்டு வண்டிகளை உள்ளே ஓட்டி வந்து நெல் மூட்டை இறக்குவதற்காகக் கருங்கற் பலகைகளைப் பாவியிருக்கிறார்கள். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், நான்கு விரற்கடைப் பருமன் கொண்ட கற்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் அகலத்தில் மண், அம்மண்ணில் அறுகு.

நண்பர் கார் வாங்கியிருந்தார். வாசலில் நாலைந்து கற்கள் அமிழ்ந்து கிடந்தன; ஒன்றிரண்டு விரிந்திருந்தன. கற்களைப் பெயர்த்தெறிந்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, மேலே வழவழப்பான ஓடு ஒட்டித் தருவதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் கணக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் அனைவரும் அதற்குத் தலையசைத்தோம். திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த நண்பரின் அப்பத்தா மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்.

"கல்லப் பேத்துட்டா தண்ணி எங்கிட்டுய்யா போகும்?"

"குழாய் வச்சு ரோட்டுச் சாக்கடைக்கு விட்டுருவோம் அப்பத்தா" என்றார் நண்பர்.

"அப்ப நம்ம கெணத்துக்கு?"

எவரிடமும் விடை இல்லை. எங்களுள் ஒருவர் மட்டும் முகம் மாறி அமர்ந்திருந்தார். தேனி நகரில் உள்ள தமது வீட்டு வாசலைச் சில ஆண்டுகளுக்கு முன் முழுக்கக் கான்கிரீட்டால் மூடியவர் அவர். மூடியது அவர் விருப்பம், ஊக்கியது நாங்கள். அடுத்த ஐப்பசி மழையில் வாட்டம் தவறிய தளத்து நீர் சுவரடியில் தேங்கியது. செம்மண் சாந்தில் கட்டிய அந்தப் பழைய சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியது. சுவரோரம் இருந்த அவருடைய தந்தையாரின் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு முழுதும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. அப்புத்தகங்களுள் சில எங்களுக்கு இரவலாக வந்து நாங்கள் படித்து வளர்ந்தவை. எனவே அப்பத்தாவின் கேள்வியை இம்முறை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

கல்லின் முன்கதை

இப்பள்ளத்தாக்கில் கல்லைப் பலகையாகப் பெயர்த்தெடுக்கும் தொழில் மிகப் பழையது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். பொது ஆண்டுக்கு முற்பட்டவையாகக் கருதப்படும் அவை, இதுவரை கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழையவை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில் பட்ட ஒருவனுக்கு எடுத்தது. அக்கூடலூர் கம்பத்தை அடுத்துள்ள இன்றைய கூடலூராக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. மாடு கவர்தலைப் பாடிய சங்கப் பாடல்களை ஏட்டில் மட்டுமே அறிந்திருந்த நமக்கு, அச்செய்தியைக் கல்லிலேயே காட்டிய இடம் இது.

நடுகல் நிற்கும் கல். பாவுகல் கிடக்கும் கல். முன்னதற்குப் பெயரும் படையலும் உண்டு. பின்னதற்கு இரண்டும் இல்லை. கோயில்களில் மட்டும் கிடக்கும் கல்லுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. கல்லோ செங்கல்லோ பரப்பிய தளத்தைத் 'தளவரிசை' என்று நம் அகராதிகள் குறிக்கின்றன. திருச்சுற்றுகளில் பாவிய அத்தளங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். கண்ணுக்குச் சமதரையாகத் தோன்றும் திருச்சுற்று, காலுக்கு மெல்லச் சரியும். சரிவு சென்று முடியும் இடத்தில் மதிலில் ஒரு நீர்வழி இருக்கும். பல கோயில்களில் அது திருக்குளத்தை நோக்கிப் போகும். கல் பாவிய தச்சர்கள் நீரைப் போக்கிக் கழிக்கவில்லை. நீருக்கு ஓர் இருப்பிடத்தைக் காட்டிவிட்டுத்தான் கல்லைப் பாவினார்கள்.

இந்தச் சரிவுக்குக் கொத்தனார்கள் வழங்கும் சொல் 'வாட்டம்'. வாட்டம் பார்த்தல் என்பது அத்தொழிலில் பாதி. பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்பது வாசலுக்குப் போதுமான வாட்டம். அதற்கு மிகக் குறைந்தால் நீர் தேங்கும். மிகக் கூடினால் நடப்பவருக்கும் நிற்கும் வண்டிக்கும் இடர்.

வண்டிச் சக்கரமும் வாசலும்

சாதாரண வீடுகளின் வாசல்கள் நெடுங்காலம் சாணமிட்ட மண்வாசல்களே. அவற்றுக்குக் கல் வந்தது வண்டியால். வாசலுக்குள் பாரவண்டி வரும் வீடுகள், ஏலமும் தேயிலையும் பருத்தியும் கைமாறிய ஊர்களின் பேட்டைகள் ஆகியவை கல்லை நாடின. காரணம் எளிது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டியின் முழு எடையும் இரும்புப் பட்டை அடித்த இரண்டு குறுகிய சக்கரங்களின் வழியே தரையில் இறங்குகிறது. மழைக்காலத்து மண்வாசலை அந்தப் பட்டை கத்தியைப் போல அறுத்துவிடும்.

போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்வோம். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு வண்டிகளில் போடியை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிறு ரயில் பாதையை அழித்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்த பின்னும், தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடையே வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மலையிலிருந்து இறங்கிய சரக்கெல்லாம் கடைசியில் ஒரு வாசலில் வந்து நின்றது. எங்கள் நண்பர் வீட்டுத் தெருக்கதவின் அடிக்கல்லில் இரண்டு தடங்கள் இன்றும் பதிந்துள்ளன. விரலை வைத்தால் முதற்கணு வரை உள்ளே போகிறது. அவ்வளவு தேய்ந்தும் கல் உடையவில்லை.

ஏன் உடையவில்லை? இக்கேள்விக்கு விடை தந்தவர்களுள் ஒருவர் நம் ஊர்க்காரர் அல்லர். ஸ்காட்லாந்தில் 1756ஆம் ஆண்டு பிறந்த ஜான் லவுடன் மெக்காடம், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்று, சாலை போடும் கலையையே மாற்றினார். அடியில் பெரும் பாறைகளைப் பரப்பினால்தான் சாலை வலுக்கும் என்று நம்பப்பட்ட காலம் அது. மெக்காடமோ, பாரத்தை உண்மையில் சுமப்பது அடியிலுள்ள இயற்கை மண்தான் என்றார். அம்மண்ணை ஈரம் அண்டாமல் காத்தால் போதும். சிறிதாக உடைத்த ஜல்லியை இறுக்கிப் பரப்பி, நீர் வடிய வாட்டம் கொடுத்தால் எப்பாரத்தையும் அது தாங்கும் என்பது அவர் கொள்கை. நம் தென்மாவட்டங்களில் 'கப்பி ரோடு' என்று வழங்கப்பட்ட சாலைகள் இக்கொள்கையின் வழிவந்தவையே.

நண்பர் வீட்டில் அமிழ்ந்த கல் ஒன்றை நெம்பித் தூக்கிப் பார்த்தபோது, கல்லுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு ஓடைச் சரளையும் மணலும் இருந்தன. மெக்காடத்தை அறியாத கொத்தனார் ஒருவர் இட்ட படுக்கை அது. கல் அமிழ்ந்த இடத்தில் மட்டும் எலி வளை தோண்டி மணலை வெளியேற்றியிருந்தது. அதாவது, பழுதுபட்டது கல் அன்று; கல்லின் படுக்கை. அடியில் பொள்ளல் விழுந்தால் கருங்கல்லும் ஓர் ஓரத்தில் தொங்கி, பாரம் ஏறும்போது நடுவில் விரியும். படுக்கை முழுதும் பொருந்தியிருந்தால் அதே கல்லின் மேல் வண்டி நூறாண்டு ஓடும்.

சுண்ணாம்பிலிருந்து சிமெண்டுக்கு

கட்டுமானம் பற்றிப் பேசும்போது இப்பள்ளத்தாக்கில் எவரும் பெரியாற்று அணையைக் கடந்து போக முடியாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்துக்குப் பின் அத்திட்டம் விரைவுபெற்றது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

அன்று கட்டிய அணையின் உடல் சிமெண்டால் ஆனதன்று. சுண்ணாம்பும், சுட்ட மண்ணைப் பொடித்த சுர்க்கியும், மணலும், கல்லும் சேர்ந்த கலவை அது. திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதி 1899இல் சென்னையில் வெளியான பெரியாற்றுத் திட்ட வரலாறு, அவ்வேலையின் பாடுகளை விரிவாகச் சொல்கிறது. மலையடிவாரத்துக் குருவனூற்றில் வெட்டிய சுண்ணாம்புக் கல் கம்பிவடத்தின் வழியே மலையேறியது. வெள்ளமும் காய்ச்சலும் பல உயிர்களைக் கொண்டன. பெயர் பொறித்த கல்லறைகள் சில அணைக்கருகே உள்ளன. பெயரில்லாமல் போனவர்கள் அவற்றினும் மிகப் பலர்.

சுர்க்கிக் கலவையை இவ்வட்டாரத்து வீடுகளும் அறிந்திருந்தன. மச்சுத் தளமும் கூடத்துத் தரையும் சுண்ணாம்பால் இட்டவை. கலவையைக் கொட்டி, ஆட்கள் வரிசையாக நின்று மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். ஆனால் கூரைக்கும் கூடத்துக்கும் சுண்ணாம்பைப் பயன்படுத்தியவர்கள் வாசற் கல்லின் இடுக்குகளுக்கு மணலைத்தான் இட்டார்கள். நண்பர் வீட்டில் இவ்வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது. அது சிக்கனத்தால் வந்ததென்று முதலில் எண்ணினோம். கூடத்துக்குச் சுண்ணாம்பு வாங்க முடிந்தவருக்கு வாசல் இடுக்குக்கு வாங்க முடியாமற் போயிராது. நீர் புகக்கூடாத இடத்தை அடைத்தார்கள். புக வேண்டிய இடத்தைத் திறந்து வைத்தார்கள் என்று கொள்வதே பொருந்துகிறது.

சிமெண்ட் பெருகியதும் இவ்வேறுபாடு மறைந்தது. கோவையை அடுத்த மதுக்கரையில் 1934இலும், நெல்லையை அடுத்த தாழையூத்தில் 1949இலும் ஆலைகள் எழுந்தன. பிந்தைய பத்தாண்டுகளில் சிமெண்ட் மூட்டை சிற்றூர்க் கடைக்கும் வந்து சேர்ந்தது. கூரை, சுவர், தொட்டி, வாசல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்றாயிற்று. வாசலில் சிமெண்ட் பூசுவது சுத்தத்துக்கும் வசதிக்கும் அடையாளமானது. சேறு மிதித்தே வாழ்ந்தவர்கள் அதை விரும்பியதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. மழைக்காலத்து மண்வாசலைப் பெருக்கியும் மெழுகியும் முதுகொடிந்தவர்கள் பெண்களே என்பதை மறந்துவிட்டுப் பழைமையைப் போற்றுவது எளிது.

பூட்டுக் கற்களின் வருகை

இன்று நம் தெருக்களில் காணும் 'பேவர் பிளாக்' கற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நெதர்லாந்து நாட்டில் தெருவுக்குச் செங்கல் பாவுவது பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போரில், 1940 மே மாதக் குண்டுவீச்சில் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி தரைமட்டமானது. போர் முடிந்ததும் இருந்த செங்கல் எல்லாம் வீடு கட்டத் தேவைப்பட்டது. தெருவுக்குச் செங்கல் அளவிலேயே கான்கிரீட் கற்களை வார்த்துப் பாவத் தொடங்கினர். ஜெர்மானியர் அக்கல்லின் விளிம்புகளைப் பல் பல்லாக வார்த்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வடிவங்களைப் பரப்பினர்.

இந்தியச் சாலைப் பேரவை இவ்வகைத் தளத்துக்கான வழிகாட்டு நெறிகளை 2004இல் வெளியிட்டது. கற்களின் தரத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் 15658 என்ற எண்ணில் 2006இல் வந்தது. அதன்படி நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர், இலேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டர்ப் பருமன் வேண்டும் என்று அப்போது வகுக்கப்பட்டது. வீட்டில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் போதும். சரக்கு வண்டியும் உள்ளே வருமானால் 80. ஒரு டன் எடையுள்ள காரின் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 250 கிலோவைத் தரையில் இறக்குகிறது. அகன்ற மெல்லிய கடப்பைக்கல் இதில் எளிதில் முறிந்துவிடும். சிறிய பருத்த கல் முறியாமல் தன் பாரத்தை அண்டைக் கல்லுக்குக் கடத்தும்.

கடத்துவது எது? கல்லின் பல் அன்று; இடுக்கில் இறங்கிய மணல். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்மணல் நெருங்கி நிற்கும்போது, ஒரு கல் அமிழ முயன்றால் சுற்றியுள்ள கற்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இடைவெளியே இல்லாமல் கல்லோடு கல்லை முட்டிவைத்தால் விளிம்புகள் நொறுங்கும். மணல் இல்லாவிட்டால் கற்கள் ஆடும். பாவுநூலின் இடைவெளியில் ஊடை நுழைந்து துணியாவது போல, கல்லின் இடைவெளியில் மணல் நுழைந்துதான் தளமாகிறது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியப் பொறியாளர் வகுத்த இம்முறைக்கும், நண்பர் வீட்டில் பெயர் தெரியாத கொத்தனார் இட்ட மணலுக்கும் அடிப்படை ஒன்றே என்று கண்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலவில்லை.

ஆயினும் நம்மூரில் இக்கற்களைப் பல இடங்களில் எப்படிப் பாவுகின்றனர்? அடியில் கான்கிரீட், மேலே கல், இடுக்கில் சிமெண்ட் பால். கல்லின் உருவம் வந்தது. அதன் உயிர் வரவில்லை.

அணையின் அடிகளும் வாசலின் அடியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலும் ஊர்களின் குடிநீரும் முல்லைப் பெரியாற்றை நம்பியுள்ளன. அணையின் நீர்மட்டம் 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது முதல் நடந்த போராட்டங்களை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அவ்வளவை எட்டியபோது ஊர்கள் கொண்டாடின. ஆறு அடி நீருக்காக முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த மக்கள் நாம்.

அதே நாம் வாசலில் பெய்யும் மழையை என்ன செய்கிறோம்? கணக்கு எளியது. நானூறு சதுர அடி வாசலில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 370 லிட்டர் நீர். பதினைந்து லிட்டர்க் குடத்தில் அளந்தால் இருபத்துநான்கு குடத்துக்கும் மேல். தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டபோது, கூரையிலிருந்து குழாய்கள் இறங்கின. கூரை நீரைக் குழியில் இறக்கிய வீடுகளே பிறகு வாசலைச் சிமெண்டால் மூடி, அந்நீரைச் சாக்கடைக்குத் தள்ளின. அப்பத்தா கேட்ட கேள்வியின் பொருள் இக்கணக்கைப் போட்ட பிறகே எங்களுக்கு முழுதாக விளங்கியது.

மீண்டும் வாசலுக்கு

கற்களைப் பெயர்ப்பது என்ற முடிவு மாறவில்லை. எறிவது என்பது மட்டும் மாறியது. சின்னமனூரிலிருந்து வந்த முதிய கொத்தனார் ஒருவர் வேலையை ஏற்றார். கற்களுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் எண் இட்டு வரிசையாக அடுக்கினார். அடியை ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி, எலி வளைகளைத் தோண்டி அடைத்து, நீர் விட்டுத் திமிசு போட்டார். அதன்மேல் ஆறு அங்குலத்துக்கு ஜல்லியும் சரளையும் இரண்டு வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கினார். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் அடிப்பகுதி இறுகாது என்பது அவர் சொன்ன காரணம்.

மணல் பரப்பும் நாளில் ஒரு சிறு சச்சரவு. படுக்கையைக் கெட்டியாக்க மணலோடு சிமெண்ட் கலக்கலாமே என்றோம்.

"கலந்தா இன்னைக்கு நல்லாருக்கும் தம்பி. நாளைக்கு ஒரு கல்லுக்கு நோவு வந்தா ஒம்பது கல்ல ஒடைக்கணும்" என்றார் கொத்தனார். கலக்கவில்லை. ஆற்றுமணல் கிடைப்பதும் அரிது, அள்ளுவதும் ஆற்றுக்குக் கேடு என்பதால் கல் ஆலையின் அரைமணலை ஓர் அங்குலப் பருமனில் பரப்பி, மணியாசுக்கட்டையால் இழுத்து மட்டம் செய்தார். பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம், தெருவை நோக்கி அன்று. கிணற்றோரத்து வாழைப்பாத்தியை நோக்கி. கிணற்றுக்கு நேரே விட்டால் வண்டி எண்ணெயும் அழுக்கும் அதில் சேரும். பாத்தி மண்ணில் இறங்கி வடிந்து சேரட்டும் என்றார். கரைகளில் விளிம்புக்கல் நட்டு, அதற்கு மட்டும் கான்கிரீட் அணை கொடுத்தார். ஓரம் விலகினால் நடுவும் விலகும் அல்லவா?

விரிந்துபோன ஐந்து கற்களின் இடத்தில் 80 மில்லிமீட்டர்ப் பூட்டுக் கற்கள். மற்றவை பழைய கற்களே, எண் வரிசைப்படி. இடுக்குகளில் நுண்மணலைத் துடைப்பத்தால் பெருக்கி இறக்கி, அதிர்வு இயந்திரத்தைப் பூட்டுக் கற்களின் மேல் மட்டும் ஓட்டினார். கருங்கல்லுக்கு மரச்சுத்தியே போதுமாயிற்று. வண்டித் தடம் பதிந்த அடிக்கல்லைத் தெருக்கதவின் கீழ் முன்பு போலவே வைத்தார். காரின் சக்கரங்கள் அத்தடத்தில் பொருந்தவில்லை; காரின் அகலம் வேறு.

ஐப்பசியில் மழை பிடித்தபோது நாங்கள் மீண்டும் அங்கே கூடினோம். நீர் சிறிது நேரம் கற்களின் மேல் ஓடி, இடுக்குகளில் இறங்கி, எஞ்சியது வாழைப்பாத்தியைச் சேர்ந்தது. திண்ணைச் சுவரடி உலர்ந்திருந்தது. தேனி நண்பர் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். ஒரே மழையில் கிணறு நிரம்பிவிடாது. அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் அவ்வீட்டில் பெய்த மழை அவ்வீட்டு மண்ணில் இறங்கியது என்று சொல்லலாம்.

மறுவாரம் தெருக்கதவோரம் ஒரு கல் அரை விரல் அமிழ்ந்திருப்பதாக நண்பர் தெரிவித்தார். கொத்தனார் வந்தார். கடப்பாரையால் கல்லை நெம்பினார். இரண்டு கூடை மணலை இட்டு நிரவினார். கல்லை மீண்டும் இருத்தி, மரச்சுத்தியால் நான்கு தட்டுத் தட்டினார். கால் மணி நேர வேலை. கூலி வாங்க மறுத்துவிட்டு, அப்பத்தா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். தேனி நண்பர் இப்போது தம் வீட்டு வாசலின் கான்கிரீட்டை உடைப்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

வாசக நண்பர்களின் ஊர்களில் கல் பாவிய பழைய வாசல்கள் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றைப் பெயர்க்க நேர்ந்தால், ஒரு கல்லையாவது தூக்கி அடியில் என்ன இட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதை இட்டவர்கள் நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை, இட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.